பாதாளமும் வெள்ளிக்கிழமை சாரும்

கழற்றிய கார்ச் சக்கரத்தைச் சுவரில் சாய்த்து, அதன் வட்டத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அந்த மனிதர் பேசிக்கொண்டிருப்பார். யாரிடம் பேசுகிறார் என்று குனிந்து பார்த்தால் ஆள் இருக்காது. பிரேக்கிலிருந்து உதிர்ந்து, சூட்டில் வெந்து, உலோகத்தோடு ஒட்டிப்போன கரும்பொடியைத்தான் விசாரித்துக்கொண்டிருப்பார். “உன்னை யாரு இங்க கூப்பிட்டா?” என்பார். தேய்ப்பார். அது போகாவிட்டால், “எனக்கே புரியல” என்று தலையை வெளியே எடுப்பார்.

அந்த “எனக்கே புரியல”வை அவர் எதற்கு வேண்டுமானாலும் சொல்வார். வெயில் அடித்தாலும் சொல்வார், மழை பெய்தாலும் சொல்வார்.

எங்கள் தெருக்கோடியில் கார் கழுவும் கடை இருக்கிறது. நுரை அடிக்க ஓர் ஆள், கண்ணாடி துடைக்க ஓர் ஆள், இருக்கைகளைத் தட்டிச் சுத்தம் செய்ய ஓர் ஆள். இவருக்குச் சக்கரம். வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, வண்டிக்காரர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத உட்பக்கத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சதா வண்டிக்கு அடியிலேயே கிடப்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் பாதாளம். அதற்கு அவர் கோபித்துக்கொள்வதில்லை. கூப்பிட்டால், சற்றுப் பொறுத்து, ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து கை மட்டும் வெளியே வந்து ஆடும்.

ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. நீளக் காம்பு பிரஷ் ஒன்று, வீட்டில் எல்லோரும் பல் தேய்த்துக் கழித்த பிரஷ்கள், பழைய பனியன் துணி, இவைதான் ஆயுதங்கள். கழற்றிய நட்டுகளை ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் போட்டு வைப்பார். அதே நிறத்தில் இன்னொரு டம்ளரில் டீ இருக்கும். எது எது என்று தெரியாமல் ஒருமுறை நட்டைக் கடித்திருக்கிறார்.

இடது வலது அவருக்கு எப்போதும் தகராறு. மல்லாந்து கிடந்தே பார்த்துப் பழகியவர். எழுந்து நின்றால் உலகம் திரும்பிக்கொள்கிறது. வழி கேட்டு வருகிறவர்களிடம் இடது கையை நீட்டி, “ரைட்ல போங்க” என்பார். அவர்கள் போன பிறகு தம் இரண்டு கைகளையும் பார்த்தபடி நிற்பார்.

உட்பக்கத்தின் மேல் அப்படி என்ன பிரியம் என்று ஒருநாள் கேட்டேன். “வெளிய பார்த்தா ஜம்முனு இருக்கும் சார். உள்ள பார்த்தா குடும்ப விஷயம் மாதிரி இருக்கும்” என்றார். அவர் மனைவி தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவர். அந்த அம்மாவின் கட்சி வேறு. ஊரார் வண்டியெல்லாம் உள்ளே பளபளக்கிறதாம். சொந்த வீட்டு மின்விசிறியின் மேல் செடி முளைக்கப்போகிறதாம்.

இந்த மனிதரைத்தான் வெள்ளிக்கிழமை சார் ஆட்டிவைத்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். வெள்ளிக்கிழமை தோறும் காலையில் பழைய சாம்பல் நிறக் காரில் வருவார். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருப்பார். நான்கு சக்கரங்களையும் கழற்றி உட்பக்கம் கழுவச் சொல்லும் ஒரே வாடிக்கையாளர். பாதாளத்துக்கு அவர் மேல் தனி மரியாதை. வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்து குனிந்து பார்ப்பார்கள். “நல்லா வந்திருக்கு தம்பி” என்பார் சார். பேச்சு அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, காலையில் கழுவி எடுத்துப்போன வண்டி சாயங்காலம் மறுபடி வந்து நின்றது. சக்கரத்தின் உள்ளே கழுவ வேண்டும் என்றார் சார். பாதாளம் கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தார். ஏதோ விட்டுப்போயிருக்கிறது, மனிதர் நாகரிகமாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார். கழற்றிப் பார்த்தால், காலையில் வைத்தது வைத்தபடி மின்னுகிறது. கேட்கக் கூச்சம். சுத்தமாக இருந்ததையே மறுபடி சுத்தம் செய்து அனுப்பினார். அடுத்த வாரமும் அதே கதை. முதலாளி கூப்பிட்டு, ஒழுங்காக வேலை செய்தால் வாடிக்கையாளர் ஏன் இரண்டாம் தடவை அலையப்போகிறார் என்று எல்லோர் எதிரிலும் கடிந்துகொண்டார்.

அன்றிலிருந்து பாதாளத்துக்குத் தம் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. முடித்த சக்கரத்தை மறுபடி தடவிப் பார்ப்பார். மாட்டியதைக் கழற்றுவார். சாப்பாட்டிலிருந்து எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டோமா என்று பார்த்துவிட்டு வருவார். காலையில் வந்தது கனவா, சாயங்காலம் வந்தது கனவா என்பதுவரை போய்விட்டது. ஒரு ராத்திரி மனைவியிடம், தமக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று அறிவித்தார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மறந்தது நீங்கதான்னு ஏன் நினைக்கிறீங்க?”

அதற்குப் பிறகு குழப்பம் தெளிந்திருக்க வேண்டும். மாறாக அது இன்னும் அதிகமானது. தமக்கு மறதி என்றால் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். சாருக்கு மறதி என்றால் என்ன செய்வது? யாரிடம் சொல்வது? கழுவுகிறவன் சொல்கிற விஷயமா அது?

அந்த வாரம் சார் வந்தார். சக்கரங்களை மாட்டி, நட்டுகளை முடுக்கி, சாவியைக் கொடுத்தாயிற்று. சார் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். வண்டி நகரவில்லை. வாசலில் காத்திருந்த இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன. பாதாளம் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் போய்க் குனிந்தார். சார் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“தம்பி, நான் இப்ப வரேனா, போறேனா?”

வாசலுக்கு வெளியே நெடுஞ்சாலை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பாதாளம் அப்போது சொன்னதை நான் என் காதால் கேட்டேன். என் வண்டியும் பின்னால் நின்றிருந்தது. “சார், உள்பக்கம் ஒரு இடம் விட்டுப்போச்சு. என் தப்புதான். கொஞ்சம் இறங்குங்க, திரும்பக் கழட்டணும்” என்றார். விட்டுப்போச்சு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. நுரை அடிப்பவர் குழாயை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முதலாளி இருக்கையிலிருந்து எழுந்தே விட்டார்.

பாதாளம் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, ஜாக்கி போட்டு நான்கையும் கழற்றினார். நேரமாகும், வீட்டுக்குச் சொல்லிவிடலாமே என்று சாரிடம் மெதுவாகச் சொன்னார். சார், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி, மகளுக்குப் போன் போட்டு, பேசாமல் பாதாளத்தின் கையில் கொடுத்துவிட்டார். கொஞ்சம் நேரில் வந்துவிடுங்கள் என்றார் பாதாளம்.

மகள் ஆட்டோவில் வந்து இறங்கினார். சக்கரமில்லாமல் நிற்கும் காரைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. அப்பாவை இத்தனை நேரம் ஸ்டூலில் உட்காரவைத்து என்ன விளையாட்டு என்று கேட்டார். முதலாளியும் சேர்ந்துகொண்டார். பாதாளம் கையிலிருந்த பனியன் துணியை முறுக்கினார்.

“எனக்கே புரியலம்மா. காலைல வராரு. போறாரு. சாயந்தரம் முதல் தடவை வர்ற மாதிரி வராரு. நான்தான் மறந்துட்டேன்னு நினைச்சேன்.”

மகள் அப்பாவிடம் திரும்பினார். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நண்பர் வீட்டுக்குப் போவதாகத்தானே சொல்லிவிட்டுப் போனீர்கள் என்று கேட்டார். சார் யோசித்தார். சட்டையின் முன்பக்கத்தை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்துச் சிரித்தார், விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. மகள் சக்கரங்களை மாட்டச் சொல்லி, தாமே வண்டியை எடுத்துப் போனார். திட்டவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பல் நிறக் கார் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நல்ல வாடிக்கை போயிற்று என்று முதலாளி முணுமுணுத்தார். பாதாளம் வேறு கணக்கில் தவித்தார். ஒரு மனுஷனிடமிருந்து வண்டியைப் பிடுங்கிவிட்டோமோ என்று என்னிடம் கேட்டார். இல்லை, நல்லதுதான் செய்தீர்கள் என்றேன். “அப்புறம் ஏன் சார் திருடின மாதிரி இருக்கு?” என்றார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கார் வந்தது. மகள் ஓட்டிவந்தார், பக்கத்தில் அப்பா. நான்கு சக்கரமும் உட்பக்கம் கழுவ வேண்டும் என்று மட்டும் சொன்னார். பாதாளம் வண்டிக்குக் கீழே போனவர், வழக்கத்தைவிட அதிக நேரம் அங்கேயே இருந்தார். சக்கரத்தைத் திட்டுகிற சத்தம்கூட இல்லை. வேலை முடிந்ததும் எழுந்து ஒதுங்கி நின்றார். சாருக்கு அவரை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. குனிந்து சக்கரத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

பிறகு நேராக டிரைவர் பக்கம் போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார். பாதாளம் ஒரு கணம் தம் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அப்புறம் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்தார்.

“இந்தப் பக்கம் நிழலா இருக்கு சார்.”

சார் வானத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மெல்லச் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் குனிந்து ஏறும்போது தலையில் இடிக்காமலிருக்க, பாதாளம் தம் ஈரக் கையைக் கதவின் மேல்விளிம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.