பதின்மூன்றாம் கட்டையில் எண்ணெய்ச் சூடு

என் கணவர் ஜாலான் புசார் பக்கத்தில் ஒரு சீனருடைய வர்க்ஷாப்பில் மெக்கானிக். பந்தயத்துக்காக அவர் தயார் செய்த காரில், இஞ்சின் எண்ணெயின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஓட்டுபவர் பக்கம் இல்லை. இடப்பக்கம், உடன் வருபவரின் முழங்காலுக்கு மேலே தொங்கியது. மீட்டரிலிருந்து இஞ்சினுக்குப் போகும் மெல்லிய செம்புக் குழாய் அவ்வளவு தூரம்தான் எட்டியது. அதை வெட்டி நீட்ட முடியாதாம். வெட்டினால் மீட்டர் செத்துவிடும் என்றார். நான் அந்தக் காரில் ஏற வேண்டி வந்தது அந்தக் குழாயால்தான்.

அது இரண்டு கதவு வைத்த சின்ன இங்கிலீஷ் கார். சந்தைக்குப் போய்வரக் குடும்பங்கள் வாங்கும் வண்டி. அதன் இஞ்சினை இரண்டு மாதம் பிரித்து, இழைத்து, மறுபடி பூட்டி, அதற்கு இல்லாத பலத்தை இவர் வரவழைத்திருந்தார். பலம் கூடினால் சூடும் கூடும். அதனால் முன்பக்கக் கம்பித் தடுப்புக்குப் பின்னால், எண்ணெயைக் குளிர வைப்பதற்கென்று ஒரு சின்ன ரேடியேட்டர் வைத்தார். அந்த வண்டியில் எண்ணெய் நிற்கும் தொட்டி இஞ்சினுக்கு அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கும். ஒரு கல் பட்டால் உடையும். எனவே அடியில் ஓர் இரும்புத் தகடு.

இவ்வளவும் எனக்கு விளங்கியது. பிறகு அவர் சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. தகடு போட்டால் இஞ்சினைச் சுற்றியுள்ள சூட்டுக் காற்று கீழ் வழியாகப் போகாது. மூடி போட்ட பானை மாதிரி உள்ளேயே சுழலும். தகட்டில் நீளமாக வாய் வெட்டிவிட்டால் காற்று போய்விடும், ஆனால் வெட்டிய தகடு வளையும், கல்லும் புகும். சூடு மீட்டரின் சிவப்புக் கோட்டுக்குள் இருந்தால் வெட்ட வேண்டாம், மீறினால் வெட்ட வேண்டும். எது என்று தெரிய, வண்டியை வேகமாக ஓட்டி, ஒவ்வொரு கட்டையிலும், அதாவது மைல்கல்லிலும், சூட்டைக் குறிக்க வேண்டும். பந்தயத்தில் அவர் தனியாகத்தான் ஓட்டுவார். அப்போது அந்த மூலையை எட்டிப் பார்க்க முடியாது.

"வர்க்ஷாப்லேருந்து யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்களேன்" என்றேன்.

"அவனுங்க எல்லாம் பாரம் லா. நீயும் பாப்பாவும் சேர்ந்தாக்கூட ஒரு கியர்பாக்ஸ் எடை வராது."

"எனக்கு பயமா இருக்கு."

"சீனியர் கேம்பிரிட்ஜ் வரைக்கும் படிச்சிருக்கீங்க டீச்சரம்மா. நம்பரைப் பார்த்து எழுதத் தெரியாதா?"

நான் டீச்சர் இல்லை. பயிற்சிக்குப் போய் ஆறு மாதத்தில் கல்யாணமாகி நின்றுவிட்டேன். அதைக் குத்திக்காட்டத்தான் அப்படிக் கூப்பிடுவார். மனம் நோகச் சொல்வதில்லை, ஆனால் அதற்கு மேல் எனக்கு மறுத்துப் பேச வராது.

குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவொன்றில், கடைவீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தோம். பக்கத்து அறை அக்காவுக்கு நாகூர்ப் பக்கம். அவருடைய வீட்டுக்காரர் தேக்காவில் கைலிக்கடை வைத்திருந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு அக்கா சொன்னார்: "நீ போயி அந்த மனுசன் பக்கத்துல உக்காரு புள்ள. பக்கத்துல பொண்டாட்டி இருந்தா எவனும் வேகமா ஓட்ட மாட்டான்."

அக்காவுக்கு என் கணவரைத் தெரியாது.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜூரோங் ரோட்டுக்குப் போனோம். புதிய தொழிற்சாலைகளுக்காக அந்தப் பக்கம் குன்றுகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். செம்மண் லாரிகள் ஞாயிறு என்று பார்க்காமல் ஓடும். சாலையெங்கும் அவை சிந்திய கற்கள். ஒவ்வொரு கல்லும் அடித்தகட்டில் பட்டு என் காலுக்குக் கீழே வெடித்தது. அவர் சிரித்தார். "கேட்டியா? தகடு இல்லன்னா இதெல்லாம் தொட்டியிலதான்."

பத்தாம் கட்டையிலிருந்து பதினாறாம் கட்டை வரை, மூன்று முறை. நான் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, கட்டை வந்ததும் ஊசியைப் பார்த்து எண்ணை எழுத வேண்டும். முதல் இரண்டு முறை அவர் மெதுவாகவே ஓட்டினார். மூன்றாவதுதான் உண்மையான சோதனை. பன்னிரண்டாம் கட்டையில் இருநூற்று முப்பது டிகிரி ஃபாரன்ஹீட் என்று எழுதினேன். அதற்குப் பிறகு நீண்ட ஏற்றம். ஆக்சிலரேட்டரில் காலை முழுதாக அழுத்தினார். இஞ்சின் கத்திய கத்தலில் குழந்தை எங்கோ அழுவது போலக் கேட்டது. ஏற்றத்தின் தலையில் ஒரு லாரி தன் பாதையை விட்டு நடுச்சாலைக்கு வந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடக்கூடாது என்று தெரிந்தும் மூடினேன். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, புல்லில் ஏறி, இறங்கியது. கண்ணைத் திறந்தபோது பதின்மூன்றாம் கட்டை பின்னால் போயிருந்தது. ஊசி சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்ததாக ஒரு கணம் தெரிந்தது. அல்லது வண்டி குலுங்கியதில் அப்படித் தெரிந்தது. நான் சரியாகப் பார்ப்பதற்குள் அவர் காலை எடுத்துவிட்டார். இறக்கத்தில் ஊசி இறங்கிவிட்டது. பதினான்காம் கட்டையில் இருநூற்று நாற்பது.

நோட்டில் ஓரிடம் வெறுமையாக இருந்தது. மிஷன் பள்ளியில் பத்து வருடம் படித்தவள் நான். தெரியாத கேள்விக்கும் ஏதாவது எழுது, வெற்றிடம் விட்டுவிட்டு எழுந்திருக்காதே என்று பழக்கப்பட்டவள். முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவே முப்பத்தைந்து. இருநூற்று முப்பத்தைந்து என்று எழுதினேன். எழுத்து நன்றாகவே விழுந்தது.

வண்டியை ஓரம் கட்டி, நோட்டை வாங்கிப் படித்தார். விரலால் ஒவ்வொரு எண்ணாக நகர்ந்தார். பதின்மூன்றில் விரல் கொஞ்சம் நின்றது. "ஏத்தத்துலயே இவ்வளவுதானா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. அந்தச் சின்ன ரேடியேட்டரை இருமுறை இடம் மாற்றிப் பூட்டியவர் அவர். அது வேலை செய்கிறது என்று அந்த எண் அவருக்குச் சொன்னது. தகட்டை வெட்ட வேண்டாம் என்று அங்கேயே முடிவெடுத்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வீடு திரும்பும்வரை பேசிக்கொண்டே வந்தார். எனக்கு நடுவில் வழி கிடைக்கவில்லை. திங்கட்கிழமை சொல்ல நினைத்தேன். குழந்தைக்குப் பல் முளைக்கும் காய்ச்சல். செவ்வாயும் அப்படியே போயிற்று. புதன்கிழமை மத்தியானம் சோறு போடும்போது "அந்த மீட்டர்..." என்று ஆரம்பித்தேன். "அதான் நல்லா வேலை செய்யுதே" என்றபடி ரசம் கேட்டார். சொல்வதால் என்ன ஆகும் என்று இன்னொரு பக்கம் யோசித்தேன். ஊசி சிவப்பில் இருந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? முடியாது. நிச்சயமில்லாததைச் சொல்லி அவர் கையைக் கட்டுவது சரியா? சூடு மீறினால் என்ன ஆகும் என்று மட்டும் பேச்சுவாக்கில் கேட்டேன். எண்ணெய் தண்ணீராகிவிடும், உள்ளே இரும்பும் இரும்பும் உரசிக் கடித்துக்கொள்ளும், சக்கரம் பூட்டிக்கொண்டது போல நின்றுவிடும் என்றார். "அந்த வேகத்துலயா?" என்றேன். "அந்த வேகத்துலதான்" என்றார், காய்கறி விலை சொல்வது போல.

பந்தயத்தன்று குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு நானும் போனேன். ஊருக்கு வெளியே வட்டமாகச் சுற்றி வரும் காட்டோரச் சாலையொன்றைப் பந்தயத்துக்காக மூடியிருந்தார்கள். வண்டிகள் நின்ற புல்வெளியில் எங்கும் பெட்ரோல் வாடை. வர்க்ஷாப் முதலாளி, எல்லாரும் தவுக்கே என்று கூப்பிடும் அந்தச் சீனர், தம் பெயர் எழுதிய அட்டையைக் கதவில் ஒட்டிவிட்டு யாரையோ பார்க்கப் போனார். இவர் இஞ்சின் மூடியை இறக்கி அழுத்தினார். மூடிய சத்தம் கேட்டதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என்னங்க. பதின்மூணாம் கட்டை நம்பர் நான் பார்த்து எழுதல."

"எந்த நம்பர்?"

"மூணாவது தடவை. ஏத்தத்துல. லாரி வந்தப்ப கண்ண மூடிட்டேன். அப்புறம் நானா ஒண்ணு எழுதினேன்."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப எவ்வளவு இருந்துச்சு?"

"தெரியல. சிவப்புகிட்ட இருந்த மாதிரி இருந்துச்சு. நிச்சயமாச் சொல்ல முடியல."

"நிச்சயமாத் தெரியலன்னா எதுக்கு இப்பச் சொல்ற?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாட்சைப் பார்த்தார். தகட்டில் வாய் வெட்டுவதற்கு வேண்டிய சாமான் அங்கே இல்லை, ஸ்பேனர்கள்தான் இருந்தன. "வெட்ட முடியாது. கழட்டத்தான் முடியும்" என்றார். பிறகு வண்டிக்கடியில் மல்லாந்து நுழைந்தார். எட்டு போல்ட்டுகள். ஒவ்வொன்றாக வெளியே நீட்ட, நான் முந்தானையில் வாங்கினேன். கடைசியில் தகடு இறங்கியது. "இதைப் பிடி" என்றார். நான் நினைத்ததைவிடக் கனம். அதன் முகம் முழுக்கக் கல் அடித்த குழிகள்.

"போட்டுடலாமா மறுபடியும்?" என்றேன்.

"இந்த ரோட்டுல லாரி ஓடல. கல்லு கம்மி" என்றார். எனக்குச் சொன்னாரா, தமக்குச் சொன்னாரா தெரியவில்லை.

கயிறு கட்டிய இடத்தில் மற்றப் பெண்களோடு நின்றேன். வண்டி நான்கு முறை என்னைக் கடந்தது. ஒவ்வொரு முறையும் புகை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. இஞ்சின் சத்தம் சீராக இருந்தது. நான்காவது முறை எனக்கு நிம்மதிகூட வந்துவிட்டது, சொன்னது நல்லதுதான் என்று. ஐந்தாவது முறை அது வரவில்லை. ஒலிபெருக்கியில் ஒருவர் அமைதியான ஆங்கிலத்தில் எங்கள் வண்டியின் எண்ணைச் சொல்லி, அது சாலையை விட்டு விலகிவிட்டது, வளைவில் எண்ணெய் கொட்டியிருக்கிறது, மற்றவர்கள் கவனம் என்றார். பக்கத்தில் நின்ற பெண், "என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டாள். நான் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அது என் கணவர் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் போகவும் விடமாட்டார்கள். அரைமணி நேரம் அங்கேயே நின்றேன்.

அவரை வேனில் கொண்டுவந்தார்கள். நடந்துதான் இறங்கினார். வலத் தோளை இடக் கையால் தாங்கியிருந்தார். காறை எலும்பு முறிந்திருந்தது. வேகமான வண்டியொன்றுக்கு வழிவிட ஓரம் ஒதுங்கியபோது, சாலை விளிம்புக் கல் எண்ணெய்த் தொட்டியைக் கிழித்துவிட்டது. கொட்டிய எண்ணெயில் தம் சக்கரமே வழுக்கி, லாலான் புல்லுக்குள் பக்கவாட்டில் போய் மரத்தில் நின்றிருக்கிறது. பின்னாலேயே கயிறு கட்டி இழுத்து வந்த வண்டிக்கடியில் தவுக்கே குனிந்து பார்த்தார். இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள்.

"சியாப்பா புக்கா?" யார் கழற்றியது என்று கேட்டார்.

"சாயா" என்றார் இவர். நான்தான் என்று.

தவுக்கே என்னைப் பார்க்கவேயில்லை. பார்க்க அவருக்குக் காரணமும் இல்லை. தகட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மனைவி பேச்சைக் கேட்டுத் தகட்டைக் கழற்றியவன் என்று வர்க்ஷாப் முழுக்கச் சிரிக்கும். சொல்லாவிட்டால் புத்தி கெட்டுக் கழற்றியவன் என்று சொல்லும். எது அவருக்குக் குறைந்த அவமானம் என்று தீர்மானிப்பதற்குள் தவுக்கே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் கையைக் கழுத்தோடு கட்டி அனுப்பினார்கள். மறுநாள் அக்கா கோழிச் சாறு கொண்டுவந்தார். "உசுரு தப்பிச்சுது, அதப் பாரு. நீ போனதாலதான் தப்பிச்சாரு" என்றார். நான் தலையாட்டினேன்.

அக்கா போனபின், குழந்தை தூங்கும்போது கேட்டேன். "நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

"தகடு இருந்திருக்கும். கல்லு ஒண்ணும் பண்ணியிருக்காது."

"அப்ப இஞ்சின்?"

"கடிச்சிருக்கும். கடிக்காமலும் இருந்திருக்கும். நாலு ரவுண்டு நல்லா ஓடுச்சு. தகடு இல்லாததால ஓடுச்சா, தகடு இருந்திருந்தாலும் ஓடியிருக்குமா, யாருக்குத் தெரியும்."

"ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தா வெட்டியிருப்பீங்க."

இல்லை என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். வெளியே ரிக்‌ஷாக்காரர் ஒருவர் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேட்பது போல ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு, "பசிக்குது" என்றார். வலக் கை கட்டுக்குள் இருந்தது. இடக் கையால் சாப்பிட மாட்டார். கோழிச் சாற்றில் சோற்றைக் குழைத்து எடுத்து வந்தேன். முதல் கவளத்தை வாயருகில் கொண்டுபோனபோது முகத்தைச் சற்றுப் பின்னால் இழுத்தார்.

"சுடுது" என்றார்.

ஊதினேன். போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி ஊதினேன்.