லிங்கப்பன் அண்ணனின் மூக்கும் பெல்ஜியத்துப் பாட்டிலும்

லிங்கப்பன் அண்ணன் பீர் குடித்துச் சம்பளம் வாங்கியவர். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள், கொடுத்து வைத்த மகராசன் என்பார்கள். மண்ணாங்கட்டி! ஒரு நாளைக்கு அவர் குடித்ததெல்லாம் சேர்த்தால் அரை டம்ளர் தேறாது. முகர்ந்து பார்த்து, ஒரு வாய் குடித்து, 'சரி' அல்லது 'சரியில்லை' என்று சொல்ல வேண்டும். அவர் சரி என்றால்தான் அந்தத் தொட்டி பீர் பாட்டிலுக்குப் போகும்.

எங்கள் பீர் கம்பெனி மைசூருக்கு வெளியே, ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் வழியில் இருந்தது. என் பெயர் சொர்ணலதா. பீரைச் சோதிக்கும் லேபில் டம்ளர் கழுவி, பீர் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, வாசனை கலந்துவிடுமாம். கல்யாணமான புதிதில் தலையில் பூ இல்லாமல் வேலைக்குக் கிளம்பியதற்கு என் மாமியார் பேசிய பேச்சு தனிக்கதை.

அண்ணன் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்துக்காரர். கம்பெனிக்குப் பார்லி மூட்டை தூக்கத்தான் வந்தார். ஒருநாள் கிடங்குக்கு வெளியே நின்றபடியே, உள்ளே எந்த மூட்டையோ பூசணம் பிடித்திருக்கிறது என்றார். பிரித்துப் பார்த்தால் உண்மை. அப்படித்தான் லேபில் ருசிபார்க்கும் நாற்காலி கிடைத்தது. அவர் மனைவி பாப்பாத்தி தெருவெல்லாம், "எங்கூட்டுக்காரரு கம்பெனில ஆபீசருங்க" என்று சொல்லிக்கொள்வார். அந்த நாற்காலி போனால் மறுபடியும் மூட்டைதான். வயதோ ஐம்பதை நெருங்கிவிட்டது.

தொண்ணூற்றாறு மழைக்காலத்தில் அவருக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கொண்டு போய்விட்டது. மனுஷன் யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், பினாயில் பாட்டில் உடைந்து நாங்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியபோது, அவர் மட்டும் அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக இட்லி தின்றுகொண்டிருந்தார்.

அதன் பிறகு கவனித்தேன். எதிரே உட்காரும் இன்னொரு ருசிபார்ப்பவர் சீனிவாசனுக்கு ஒரு பழக்கம். பீர் கெட்டிருந்தால், வாயைத் திறப்பதற்கு முன்பே புருவம் மேலே போய்விடும். அண்ணன் டம்ளரைச் சுழற்றுவார், கண்ணைப் பாதி மூடுவார், அந்தப் புருவத்தைப் பார்ப்பார், தீர்ப்புச் சொல்வார். பலே ஆள்! எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஆனால் முன்பு ஓயாமல் கதை பேசுகிறவர், இப்போது சோற்றைக்கூடக் கடமைக்கு விழுங்கினார். "என்னண்ணா, குழம்பு நல்லால்லியா?" என்றால், "எல்லாந் தண்ணி மாதிரித்தான் இருக்குது புள்ள" என்பார். கேட்கவே பாவமாக இருந்தது.

அடுத்த கோடையில் பாட்டில் மெஷின் பொருத்த பெல்ஜியத்திலிருந்து லூக் என்று ஓர் இன்ஜினியர் வந்தார். அவருடைய தம்பி அங்கே பண்ணையிலேயே கொஞ்சமாகப் பீர் காய்ச்சுகிறவராம். ஊருக்குத் திரும்புவதற்கு முன், சட்டைக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு பாட்டிலை லேபுக்கு எடுத்து வந்தார். சேசோன் என்று அதற்குப் பெயர். குளிர்காலத்தில் காய்ச்சி வைத்து, வெயிலில் வயல் வேலைக்கு வரும் ஆட்களுக்கு ஊற்றுவார்களாம். "அய்யோ சிவனே, நம்ம பக்கம் மோர ஊத்தியே வேல வாங்கிட்றாங்களே" என்றார் சீனிவாசன்.

கார்க்கை இழுத்ததும் வெடி போட்டதுபோல் சத்தம். டம்ளரில் பாதி நுரை, மீதி கலங்கலான வைக்கோல் நிறம். எங்கள் பீர் அப்படி வந்திருந்தால் சாக்கடையில் கொட்டியிருப்போம். மேனேஜரும் வந்து நின்றார். மூத்தவர் முதலில் சொல்லட்டும், சீனிவாசன் அதைத் தனக்கு இங்கிலீஷில் சொல்லட்டும் என்றார் லூக்.

என் கண் சீனிவாசனின் புருவத்துக்குப் போனது. அவரோ நுரை மூக்கில் ஏறி, கைக்குட்டைக்குள் தும்மிக்கொண்டிருந்தார். புருவமாவது ஒன்றாவது!

அண்ணன் ஒரு வாய் குடித்தார். அப்படியே நின்றார். இன்னொரு வாய் குடித்தார். முகமே மாறிவிட்டது.

"குத்துதுங்க" என்றார். "நாக்குல ஊசி ஊசியாக் குத்துது. மொளகக் கடிச்ச காரம். அப்பறம் துளி புளிப்பு, கசப்பு. இனிப்பே இல்லீங்க. முழுங்குனா வாய் காஞ்சுபோயி, இன்னொரு வாய் கேக்குது."

சீனிவாசன் அதை இங்கிலீஷில் சொன்னதும் லூக்குக்கு வாயெல்லாம் பல். தம்பி மிளகு இடித்துப் போடுவது உண்மைதானாம். வாசம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

பழம், பூ என்று எதையாவது அளந்துவிட்டிருக்கலாம். இத்தனை மாதமாக அளந்தவர்தானே! சொல்லித் தொலையேன் என்று எனக்குப் பதறியது. அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசம் தெரியாதுங்க. காச்சலுக்கப்பறம் மூக்குச் செத்துப்போச்சு. சோறு, கொழம்பு, பீரு எல்லாம் எனக்கு ஒண்ணுதான். இன்னைக்கு இது குத்துன குத்துலதான் வாயில ஒண்ணு வெச்சது தெரிஞ்சுதுங்க. இதப் பத்திப் பொய் சொல்ல மனசு வரல."

மேனேஜர் முகம் கறுத்தது. "அப்போ இத்தன நாளா பீரைப் பாஸ் பண்ணது யாருய்யா?"

"சீனிவாசன் மூஞ்சிங்க."

சீனிவாசன் இங்கிலீஷில் சொல்வதை நிறுத்திவிட்டார். லூக் ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"திங்கக்கெழமையிலிருந்து மூட்ட தூக்கறேனுங்க சார்" என்று அண்ணன் காலி டம்ளரை நீட்டினார். "இப்ப அந்த மிச்சத்த ஊத்தச் சொல்லுங்க."

இங்கிலீஷில் சொல்லாமலே, நீட்டிய டம்ளர் லூக்குக்குப் புரிந்தது. எங்கள் யாருக்கும் வைக்காமல், பாட்டிலில் இருந்ததை எல்லாம் அதில் ஊற்றினார்.