பொது அம்மனின் நான்கு கைகள்

எங்கள் வீட்டுப் பக்கச் சந்தில் ஆண்கள் சிறுநீர் கழிப்பதை நிறுத்தச் சொல்லி நகராட்சிக்கு மனு கொடுத்தேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எப்படி எழுதினால் மனு நகரும், எப்படி எழுதினால் தூங்கும் என்பது எனக்குத் தெரியும். நகரும்படி எழுதிய இந்த மனுவும் தூங்கியது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுருக்கு வழி சொன்னார்.

"சாமி டைல்ஸ் பதிச்சிருங்க மேடம். முருகன், மாதா, மெக்கா, மூணையும் வரிசையா ஒட்டிட்டா ஒரு பய வரமாட்டான்."

திண்டுக்கல்லில் பாதிச் சுற்றுச்சுவர்களில் தெய்வங்கள் இந்த வேலையைத்தான் பார்க்கின்றன. உலகத்தைக் காக்கிறவர்களை மூத்திரக் காவலுக்கு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நான் படம் வரைகிறவள். என் சுவரில் என் படம் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

நான் வரைவதெல்லாம் ஆட்டக்காரர்கள்தான். பணியில் இருந்தபோது எரியோடு பக்கம் திருவிழாக்களுக்குப் பாதுகாப்புப் பணி என்று அனுப்புவார்கள். என் பக்கத்து நாற்காலிகளில் அதிகாரிகள் தூங்கிவிழ, நான் கரகாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போதும் நையாண்டி மேளத்தைக் கைபேசியில் ஓடவிட்டுத்தான் கோடு இழுக்கிறேன். தவில் வேகம் எடுக்கிற இடத்தில் தூரிகையும் ஓடும். நாதஸ்வரம் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் அந்த வளைவு முடியாமல் நீளும். அப்படி நீளும்போதுதான் தவில்காரருக்கு இறக்கை முளைக்கும், நாதஸ்வரத்தின் வாயிலிருந்து நாரைகள் வரும். திட்டமிட்டு அவற்றை நான் வரைந்ததில்லை.

சுவரில் ஒருத்தி ஆடினாள். தலையில் கரகம், கரகத்தின் உச்சியில் கிளி. அவள் காலடியில் குஜிலியம்பாறைப் பக்கத்து வறண்ட காடு, தலைக்கு மேலே வானத்தில் மீன் கூட்டம்.

"வானத்துல எதுக்கு மேடம் மீனு?" என்றார் செயலாளர்.

"கொளத்துல தண்ணி இல்ல. அதுக வேற எங்க போகும்?"

அவருடைய உண்மையான கவலை மீன் அல்ல, பாவாடை. அது முழங்காலோடு நின்றுவிட்டதாம். "குடும்பங்க இருக்கிற தெரு மேடம் இது" என்றார். போன பங்குனித் திருவிழாவில் இதே உயரப் பாவாடைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து, ஆட்டம் முடியும்வரை கைபேசியை உயர்த்திப் படம் பிடித்த குடும்பஸ்தர் அவர்.

சுவரில் ஆடியவளின் முகம் கற்பனை முகம் அல்ல. எரியோட்டுக்கு அருகில் ஒரு ஊரைச் சேர்ந்த ஆட்டக்காரி எனக்காக வந்து, கார் நிறுத்துமிடத்தில் ஆடிக் காட்டினாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"மொகத்தை மாத்திராதீங்க மேடம். எம் மொகமாவே இருக்கட்டும். எம் மக இங்க டவுன்லதான் நர்சிங் படிக்கா. ஆஸ்டல்ல அம்மா காட்டு வேலைக்குப் போறான்னு சொல்லி வச்சிருக்கா. டவுன் செவுத்துல, இம்புட்டுப் பெருசா என்னைய ஆட்டக்காரியாப் பாத்தான்னா..."

படம் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டி வருவதாகச் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் உறவில் ஒரு குழந்தைக்கு முடியிறக்க நான் பழனி போக வேண்டியிருந்தது. ஞாயிறு காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சந்துக்குள் திரும்பியதும் கற்பூர வாசனை வந்தது.

என் ஆட்டக்காரிக்கு நான்கு கைகள் இருந்தன. ஒரு புதுக் கையில் சூலம், இன்னொன்றில் உடுக்கை. பாவாடை பட்டுப்புடவையாகிக் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. கரகத்தை மஞ்சளடித்துக் கிரீடமாக்கியிருந்தார்கள். அதன்மேல் கிளி மட்டும் இடம் மாறாமல் உட்கார்ந்திருந்தது. மீன்கள் போன இடத்தில் ஒளிவட்டம். சுவரடியில் எலுமிச்சம்பழங்கள்.

எதிர்வீட்டுத் தோல் வியாபாரி பாய் வாசலில் நின்றிருந்தார்.

"சங்கத்துல ஆள் வச்சு மாத்தி வரைஞ்சாங்க மேடம். நான் வாயைத் தொறந்தா கதை வேற பக்கம் போயிரும். உங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரிந்ததுதான். அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.

வர வேண்டாம் என்று ஆட்டக்காரிக்குச் சொல்லக் கைபேசியை எடுத்தேன். அதற்குள் அவளே மகளோடு சந்துக்குள் வந்துவிட்டாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். சுவரைப் பார்த்து நின்றாள். மகள் சுவரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். விளக்கேற்ற வந்த ஓர் அம்மாள் அதட்டினாள்.

"ஏத்தா, அம்மன் முன்னால செருப்போடவா நிப்ப? கழட்டு!"

ஆட்டக்காரி செருப்பைக் கழற்றினாள். தன் முகத்துக்கு எதிரே வெறுங்காலோடு நின்றாள். அந்த முகத்தைத்தான் கும்பிடுகிறோம் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது.

இரண்டு வீடு தள்ளி இருந்த செயலாளரை அவர் வாசலில் நின்றே கூப்பிட்டேன். கையில் செய்தித்தாளோடு சுவரடிக்கு வந்தார்.

"எஞ் செவுத்துல கை வைக்க யாரு அனுமதி குடுத்தா?"

"நல்லதுக்குத்தான் மேடம். ஆட்டக்காரின்னா பய பாத்துக்கிட்டே நின்னு ஒண்ணுக்கு இருந்துட்டுப் போவான். இப்பப் பாருங்க, கற்பூரம் ஏத்துறான். செவுரு சுத்தம்."

"இது எந்த அம்மன்?"

"அது வந்து... பொதுவா அம்மன் மேடம்."

"கிளி இருக்கு, மீனாட்சியா? உடுக்கை இருக்கு, மாரியாத்தாவா?"

"அம்மனுக்குள்ள என்ன மேடம் பிரிவினை?"

"சரி. நான் அழிக்கப்போறேன்."

"சாமி குத்தம் ஆயிரும்!" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. நாலைந்து கதவுகள் திறந்தன. அவர் அதைத்தான் எதிர்பார்த்தார். சட்டம் என் பக்கம் என்றாலும் கற்பூரம் எரிகிற சுவரில் சட்டம் பேசினால் என்ன ஆகும் என்பதை நான் பணியில் பார்த்திருக்கிறேன். எனவே சாமி விஷயத்தில் அவர் நம்பும் விதியையே எடுத்தேன்.

"சிலையோ சித்திரமோ, கடைசியாக் கண்ணு தொறந்தாத்தான சாமி? அதுவரைக்கும் வெறும் கல்லு, வெறும் பெயிண்டு. ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன். அதான முறை."

"உங்க பெயிண்டர் கண்ணைத் தொட்டாரா?"

"கண்ணு முன்னாடியே நல்லா இருந்துச்சு. அப்பிடியே விட்டுருன்னு நான்தான் சொன்னேன்."

"அப்ப அந்தக் கண்ணைத் தொறந்தவ நான். தொறக்கும்போது அவ ஆட்டக்காரி. சாமியாக்க நீங்க ஒண்ணுமே செய்யல. ரெண்டு கையையும் ஒரு சேலையையும் ஒட்டிவிட்டிருக்கீங்க."

செயலாளர் விளக்கோடு நின்ற அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் சுவரின் கண்ணைப் பார்த்தாள், பிறகு வெறுங்காலோடு நின்றவளைப் பார்த்தாள். மறுபடியும் சுவர். "ஆத்தி, இந்தப் புள்ள மொகம்ல இது!" என்று விளக்கை ஊதி அணைத்தாள். எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டாள். ஊறுகாய்க்கு ஆகும் என்று நினைத்திருக்கலாம்.

நான் வாளியும் தூரிகையும் எடுத்து வந்தேன். முதலில் சூலம் போயிற்று. நான் இரண்டாவது கையை அழிக்கும்போது மகள் குனிந்து, அம்மாவின் செருப்புகளை எடுத்துத் திருப்பி, காலடியில் வைத்தாள்.

"போடும்மா. சுடுதுல்ல."

பிறகு கைபேசியை என்னிடம் நீட்டினாள். "பாவாடையைச் சரி பண்ணதுக்கு அப்புறம் எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுங்க மேடம். ஆஸ்டல்ல காட்டணும்."

பாவாடையை முழங்காலோடு நிறுத்தினேன், ஒரு விரல்கடை மேலேயே. செயலாளர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அழித்த கைகள் இன்னும் பூச்சுக்கு அடியில் மங்கலாகத் தெரிகின்றன. அவர்கள் வாங்கியது நல்ல பெயிண்ட், நான் வாங்கியது சாதாரணம். மழைக்குப் பிறகு இன்னொரு பூச்சு அடிக்க வேண்டும். மீன்களையும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.