உனக்கு மட்டும் அனுப்பிய படம்

பயந்த சுபாவம் என்று சொல்வது மரியாதைக்கு. டீச்சருக்குப் பயப்படத் தெரிந்த அளவுக்கு வேறெதுவும் தெரியாது என்பதுதான் வீட்டாரின் கட்சி. லிஃப்டில் ஏற மாட்டாள். எத்தனை மாடியானாலும் படிதான். நாய் படுத்திருந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள். போன் அடித்தால், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுப்பாள். அக்கா அவளுக்கு வைத்த பெயர் முயலு. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அதற்கும் பயந்து, அக்கா வீட்டு மாடி அறையிலேயே ஐம்பதைத் தாண்டிவிட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் முன்னால் மட்டும் பயம் வராது. இடுப்பு உயரம்கூட இல்லாததுகளைப் பார்த்து எப்படிப் பயப்படுவது?

அப்படிப்பட்டவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வெளிநாட்டில் போய்ச் சம்பளமில்லாமல் பாடம் சொல்லித்தரப் போகிறேன் என்றபோது வீடே சிரித்தது. அங்கே கூலி வேலைக்குப் போன நம் ஆட்களின் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் தெருவில் திரிகிறார்கள், எழுத்துச் சொல்லித்தர ஆளில்லை என்று யாரோ சொன்னது அவள் மனதில் தைத்துவிட்டது.

"ரோட்டைத் தாண்டவே என் கையைப் பிடிச்சுக்குவே. நீ கடலைத் தாண்டப் போறியாக்கும்?" என்றாள் அக்கா.

"இங்க இருந்தாலும் பயந்துக்கிட்டுத்தானே இருக்கேன். அங்க போய்ப் பயந்துட்டுப் போறேன்."

அக்கா எழுந்து போய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினாள்.

பள்ளிக்கூடம் என்பது, பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையின் மேல் இருந்த இரண்டு அறைகள். தெருப்பக்கம் ஓர் இரும்புப் படிக்கட்டு, அதன் உச்சியில் தாழ்ப்பாள் போட்ட கம்பிக் கதவு. கீழே மெஷின் ஓடினால் மேலே தரை அதிரும். ரப்பர் வாடை பிள்ளைகளின் தலைமுடியில்கூட அடிக்கும். அதை நடத்தியவளைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்று கூப்பிட்டார்கள். வயதில் சின்னவள்தான், ஆனால் கறார்ப் பேர்வழி. வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"போட்டோ மட்டும் எடுத்துடாதீங்க டீச்சர். இங்க சில பேரு யாருக்கும் தெரியாம ஒதுங்கி இருக்காங்க."

டீச்சர் தலையாட்டினாள். ஏன், யாருக்குத் தெரியாமல் என்று கேட்டிருக்கலாம். கேட்கவும் பயம். பெரிய டீச்சருக்கு விளம்பரம் பிடிக்காது போல என்று தானாகவே ஒரு காரணம் கட்டிக்கொண்டாள்.

பிள்ளைகளில் பட்டாணி என்று ஒருத்தி. உருண்டை முகம், விழுந்த முன்பல். அவளுடைய அம்மா லாண்டரியில் வேலை பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி விரலெல்லாம் தோலுரிந்திருக்கும், இடது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். பிறவியிலேயே அப்படி என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். பட்டாணி சேர்ந்தபோது வாயே திறக்க மாட்டாள். அவளுக்கு எழுத்துக் கூட்ட வைப்பதற்குள் டீச்சருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருநாள் அந்தக் குட்டி, ஒரு பக்கத்தை யாருடைய உதவியும் இல்லாமல் கடகடவென்று வாசித்துவிட்டு நிமிர்ந்து சிரித்தது.

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் முயலு முயலு என்றதே, இதோ பாருங்கள் என்று காட்ட வேண்டும் போல இருந்தது. பட்டாணியைச் சன்னலருகே நிறுத்தி, தன் முகத்தையும் ஒட்டவைத்து, ஒரே ஒரு படம் எடுத்தாள். "உனக்கு மட்டும்" என்று எழுதி அக்காவுக்கு அனுப்பினாள்.

அக்காவிடம் உனக்கு மட்டும் என்று சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. "எங்க முயலு வெளிநாட்டுல டீச்சர்!" என்று அவள் குடும்பக் குழுவில் போட்டாள். அத்தான் தன் கூட்டாளிகளுக்குத் தள்ளிவிட்டார். அதில் ஒருவருடைய மச்சான் இதே நாட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்; படம் அவன் கைக்கும் போய்ச் சேர்ந்தது. உலகம் உருண்டை என்று வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், அது எவ்வளவு சின்னது என்பதை யோசிக்கவில்லை.

அடுத்த வாரம், பாடம் நடந்துகொண்டிருந்தபோது கீழே பட்டறை வாசலில் ஒருத்தன் வந்து நின்றான். போனைப் பார்த்தான், மாடிச் சன்னலை ஒட்டித் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த பட்டறையின் பெயர்ப் பலகையைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து சன்னலைப் பார்த்தான். படத்தில் தன் தோளுக்குப் பின்னால் அந்தப் பலகை விழுந்திருந்தது டீச்சருக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மெதுவாக, அவசரமே இல்லாமல் ஏறி வந்தான். அந்த நடையைக் கேட்டதுமே பட்டாணி பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். அவள் இருந்த இடத்தில் தரை நனைந்திருந்தது.

அவன் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கத்தியிருந்தால்கூட டீச்சர் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

"நீங்கதானே டீச்சர்? போட்டோவுல பார்த்தேன். எம் பொண்ணைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அந்தப் பொண்ணு... இன்னைக்கு வரலை."

"அப்படியா?"

வாழ்நாளில் அவள் சொன்ன முதல் உருப்படியான பொய். குரல் காட்டிக்கொடுத்தது. பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு விசும்பல் கிளம்பியது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கண்ணை மூடினாள். அதற்குள் ஒரு பிள்ளை வாய்ப்பாட்டைத் தொடங்கியது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. பிறகு வகுப்பே தொண்டை கிழியக் கத்தியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படிக் கத்த வேண்டும் என்று இந்த வயதில் இதுகளுக்குத் தெரிந்திருக்கிறதே என்பதை நினைக்க, அவளுக்குப் பயத்துக்கு நடுவிலும் அழுகை வந்தது.

அவன் முழு வாய்ப்பாட்டையும் நின்று கேட்டான்.

"நல்லாப் படிக்கிறாங்க. சரி, நான் கீழ உக்காந்திருக்கேன். பள்ளிக்கூடம் விட்டா எல்லாரும் இந்தப் படியிலதானே இறங்கணும்?"

அவன் எதிர்ச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். டீச்சர் பெரிய டீச்சரின் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாம் தடவைதான் பிடித்தாள்.

பின்னறையில், முன்பு டயர் ஏற்றுவதற்கு வைத்த சின்னக் கதவு ஒன்று உண்டு. வெளியே ஓர் இரும்பு ஏணி பட்டறையின் கொல்லைக்கு இறங்கும். அந்த வழியாகத்தான் பெரிய டீச்சர் பட்டாணியின் அம்மாவை அழைத்துக்கொண்டு ஏறி வந்தாள். அம்மா லாண்டரி உடுப்போடு, ஈரக் கையோடு வந்திருந்தாள். மகளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அழவில்லை.

"எந்த ஊருன்னு எங்க அம்மாகிட்டகூடச் சொல்லலையே. அவன் இந்தக் கையை முறிச்சப்போ ஓடி வந்தவ நான். அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பெரிய டீச்சர் உதட்டைப் பிதுக்கினாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நான்தான்" என்றாள். "போட்டோ எடுத்தேன். அக்காவுக்கு மட்டும்தான் அனுப்பினேன். பொண்ணு நல்லாப் படிச்சான்னு..."

பெரிய டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பட்டாணியின் அம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தால் டீச்சருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. ஏணிக் கதவை நோக்கி ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"எங்க போவீங்க?" என்று டீச்சர் கேட்டாள். "பத்திரமா இருப்பீங்கல்ல?"

"இவங்களுக்குத் தெரிய வேணாம் மேடம்" என்றாள் அவள், பெரிய டீச்சரிடம்.

அப்போது டீச்சரின் கையில் இருந்த போன் அடித்தது. அக்கா. கீழே இருப்பவனுக்குக் கேட்டுவிடப்போகிறதே என்று பதறி, சத்தத்தை நிறுத்துவதற்காக அவள் போனைத் தன் முகத்துக்கு நேரே தூக்க, அதன் கேமரா அம்மாவும் மகளும் நின்ற பக்கம் திரும்பியது.

பட்டாணியின் அம்மா சட்டென்று பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, துப்பட்டாவை இழுத்து மகளின் முகத்தை மூடினாள்.