கிண்ணத்தில் ஒரு மைனா

சனிக்கிழமை காலைகளில் வெளிநாடு வந்து நான் குடியேறிய லின்ஃபீல்டில் ஒரு மண்டபத்துக்கு மட்பாண்ட வகுப்புக்காகப் போய்க்கொண்டிருந்தேன். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து, வாரம் முழுக்க மற்றவர்கள் சொல்வதைச் செய்கிற எனக்கு அந்த மூன்று மணி நேரம் சொந்தமானது.

ஒருநாள் ஆசிரியை சில படங்கள் கொண்டுவந்தார். அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் ஹோப்பி முதலிய பியூப்ளோ மக்களின் பானைகள். எல்லாவற்றிலும் பறவைகள். ஹோப்பிப் பானையில் வளைந்த ஓர் அலகு, சில வால் இறகுகள், அவ்வளவுதான். ஆனாலும் அது பறந்தது. இன்னொன்றில் கிளி. அந்த நிலத்துக் கிளி அல்ல, தெற்கே வெகுதூரத்திலிருந்து வந்தது என்று கீழே எழுதியிருந்தது. அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

"பிடித்ததை அப்படியே உங்கள் கிண்ணத்தில் வரையுங்கள்" என்றார் ஆசிரியை.

எனக்குக் கை போகவில்லை. அந்த அலகுக்கு அவர்களிடம் ஓர் அர்த்தம் இருக்கும். எனக்கு அது தெரியாது. நான் ஒரு மைனாவை வரைந்தேன்.

பக்கத்து மேசைச் சென்னைப் பெண் எட்டிப் பார்த்தாள். "மயில் போட்டிருக்கலாமே அக்கா?"

"மயில் என்ர வீட்டு வளவுக்கு வாறேல்லை. மைனாதான் ஒவ்வொரு நாளும் வருது."

ஆசிரியை முகம் சுளித்தார். "இங்கே அது தொல்லை பிடித்த பறவை. மற்றப் பறவைகளின் கூட்டைக் கலைக்கும். வெளியிலிருந்து வந்தது."

"நானும் வெளியிலிருந்து வந்தவள்தான்" என்றேன்.

தவணை முடிவில் கண்காட்சி. எல்லாக் கிண்ணங்களின் முன்னும் 'ஹோப்பி பாணி' என்று ஆசிரியை அட்டை வைத்திருந்தார். என் கிண்ணத்தின் அட்டையை எடுத்துவிட்டேன்.

"அட்டை இல்லாமல் மேசையில் வைக்க முடியாது" என்றார்.

"அட்டை இருக்கும். பொய் இருக்காது."

அட்டையின் பின்பக்கத்தில் 'மைனா, லின்ஃபீல்ட்' என்று எழுதி அதே இடத்தில் நிறுத்தினேன். அவர் அதை வாசித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

சென்னைப் பெண் தன் அட்டையோடு வந்தாள். "என்னோடது பாத்து வரைஞ்சதுதான் அக்கா. இதுல என்ன எழுதறது?"

"அதையே எழுதுங்கோ. ஹோப்பி ஆக்களின்ர பானையைப் பார்த்து வரைஞ்சது எண்டு."

எழுதினாள். அடுத்த தவணைக்கும் பெயர் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.