பத்மாசினி அக்கா வராத வீடு

ஆளைக் கண்டும் காணாதது போலப் போகிற போட்டியை ஒலிம்பிக்கில் வைத்தால், பத்மாசினி அக்கா தங்கப் பதக்கத்தோடு பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்குவார். இரண்டாம் இடம் வந்தவரைத் திரும்பியும் பார்க்க மாட்டார். நல்லூர்த் திருவிழாவுக்கு நடுவே கொண்டுபோய் விட்டாலும் தேரைக் காணாமல் வெளியே வந்துவிடுவார். பந்தயம்.

அதுதான் அவருடைய வேலை. அச்சுவேலியிலிருந்து ஸ்கூட்டியில் குருநகர் மாடி வீடுகளுக்கு வருவார். பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடலாமா என்று யோசிக்கிற வீடுகளுக்குக் கிழமைக்கொருதரம் ஒருவர் போய்க் கதைத்தால், பிள்ளை வீட்டிலேயே நிற்குமா என்று ஓர் ஆய்வு. பாதி வீட்டுக்குப் போக வேண்டும், பாதி வீட்டுக்குப் போகக்கூடாது. கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். எந்த வீடு எந்தப் பக்கம் என்று கொழும்பில் ஒரு கொம்பியூட்டர் குலுக்கிப் போட்டது. எங்கள் மாடியில் அதற்கு வைத்த பெயர் வாற வீடு, வராத வீடு. ஜெனிற்றா அக்காவுடையது வாற வீடு. சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், வராத வீடு.

எங்கள் வீட்டில் யோசிக்கப்பட்ட பிள்ளை என் தம்பி ஜெனிஸ்ரன். அம்மா குவைத்துக்குப் போன பிறகு அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா இரவில் கடலில், பகலில் நித்திரை. நான் பத்தாம் வகுப்போடு நின்று சமைத்தேன். டிசம்பரில் நத்தார் முடிய அவனை இல்லத்தில் விடுவதென்று அப்பா சொல்லியிருந்தார்.

பத்மாசினி அக்கா எங்கள் வாசலைக் கடக்கும்போது முகம் நேரே இருக்கும். சுகம் விசாரித்தாலே ஆய்வு கெட்டுவிடுமாம்.

“என்ன பிள்ளை, எங்களோடை கோவமோ?” என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

“இல்லை ஐயா, வேலை.”

“கதைக்கிறதுதானே உம்மடை வேலை?”

“ஓம். இந்த வாசலிலை கதைக்காமல் போறதும் வேலைதான்.”

அக்கா சுத்த சைவம். அடுத்த கிழமை அவருடைய ஹெல்மெட்டுக்குள் ஒரு கருவாட்டுத் தலை இருந்தது. அதை எடுத்து மதிலில் வைத்துவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனார். பகிடி விட்ட ஆளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பிறகு வேறு வழி பார்த்தேன். அவர் வந்த நேரம் தம்பியையும் இழுத்துக்கொண்டு ஜெனிற்றா அக்கா வீட்டுப் பாயில் போய் இருந்தேன்.

“நான் இவவின்ரை தங்கச்சி, கீர்த்திகா. இவன் மற்றத் தங்கச்சியின்ரை மகன்” என்று புளுகினேன்.

ஜெனிற்றா அக்கா இருமினார். பத்மாசினி அக்கா தலையாட்டிவிட்டு, ஜெனிற்றா அக்காவின் மகன் டினேஸைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

“விடிய எழும்பினவுடனை பள்ளிக்கூடக் கதை எடுக்காதேங்கோ. முதல் தேத்தண்ணி குடுங்கோ. தனிய விடாமல் பக்கத்து வீட்டுப் பெடியனோடை அனுப்புங்கோ. அம்மா எப்ப வருவா எண்டு கேட்டா, தெரியாது எண்டு சொல்லுங்கோ. பொய் சொல்லாதேங்கோ.”

டினேஸின் அம்மா எதிரேதான் இருந்தார். அது எனக்கு அப்போது பிடிபடவில்லை.

சொன்னபடி செய்தேன். ஜெனிஸ்ரன் டினேஸோடு பள்ளிக்கூடம் போனான். ஆனால் அப்பாவோடு யார் கதைப்பது? ஒருநாள் படியில் மறித்தேன்.

“அக்கா, பக்கத்து வீட்டு ஐயாவோடை ஒருக்கா கதையுங்கோவன். பெடியனை விடப் போறார்.”

“அது எனக்குத் தந்த வீடு இல்லை, பிள்ளை.”

நத்தார் முடிந்தது. அப்பா அவனை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். பழக்கத்தில் மூன்று கோப்பையில் சோறு போட்டேன். ஒன்றைத் திரும்பப் பானைக்குள் கொட்டினேன். டினேஸ் வீட்டிலேயே நின்றான். வாற வீட்டுப் பிள்ளை நிற்கிறது, வராத வீட்டுப் பிள்ளை போய்விட்டது. ஆய்வுக்கு ஜெனிஸ்ரன் நல்ல உதவி.

மாசியில் எல்லா வீட்டிலும் கேள்வி கேட்க வேண்டும். அதற்கென்று இருந்தவர் வேலையை விட்டுவிட்டார். அதனால் பத்மாசினி அக்காவே முதல்முறையாக எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார். அப்பா நித்திரை.

“வாற வீட்டுக்குச் சொன்ன புத்திமதி ஏதும் இந்த வீட்டுக்குக் கிடைச்சதோ?”

“இல்லை. இது வராத வீடு.”

அவர் கேள்விகள் இருந்த டப் திரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “அப்ப, கழுத்திலை செபமாலையோடை பாயிலை இருந்த கீர்த்திகா எங்கை?”

செபமாலையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு கேட்டேன், “தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?”

“தெரியும் எண்டா எழுப்பி விட வேணுமெல்லோ.” டப்பில் ‘ஓம்’ என்பதை அமத்தினார்.

“கொழும்பிலை கேப்பினமே?”

“கேப்பினம். சொல்லத்தான் வேணும்.”

“அப்பாவோடையும் கதைச்சிருக்கலாம்.”

டப் அணைந்து கறுத்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இறங்கிப் போனதும் நான் மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்த்தேன். கீழே ஹெல்மெட்டைக் கவிழ்த்துத் தட்டினார். பிறகு அண்ணாந்து நேரே என்னைப் பார்த்தார்.

“இண்டைக்குக் கருவாடு இல்லையோ, டிலக்ஷி?”