எல்லம்மாள் எடுத்த பூ

செவிலிமேட்டுச் சாலையில் சைக்கிள் கடை வைத்திருந்த அப்பாதுரையை ஊரில் பாதிப் பேர் பம்ப்பு அப்பாதுரை என்றுதான் சொல்வார்கள். சைக்கிளுக்குக் காற்று அடித்து வந்த பெயர் இல்லை. பாலாறு வாலிபர் சங்கத்துப் பந்துக்கு அவர்தான் காற்று அடிப்பார், பிளாடருக்குப் பஞ்சர் ஒட்டுவார், தோலில் நாடா கோத்து இழுத்துக் கட்டுவார். அவர் பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. சின்ன வயதில் மாட்டு வண்டிச் சக்கரம் ஏறி இடது பாதம் கோணிப் போயிருந்தது. ஆனால் யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்று சொல்வது அவர் வாய்தான்.

ஆள் பொறுக்குவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. தறி நெய்கிற பையன்களாகப் பார்த்து முன்வரிசையில் போடுவார். நாள் முழுக்கத் தறிக்குழியில் காலை விட்டு மாற்றி மாற்றி மிதிக்கிறவனுக்கு வலது கால், இடது கால் என்கிற பேதம் கிடையாது, பந்து எந்தப் பக்கம் வந்தாலும் அடிப்பான் என்பார். ஓடுவதற்கு ஆள் வேண்டுமென்றால் ஆற்றங்கரைக்குப் போவார். பாலாற்று மணலில் கூடை சுமந்து பழகினவனைக் கட்டாந்தரையில் விட்டால் யாரும் பிடிக்க முடியாது என்பது அவர் கண்ட உண்மை.

வீரபாகு தறிக்காரன். அவன் அப்பாவுக்குச் சொந்தத்தில் ஆறு தறி. பொங்கலுக்குப் பொங்கல் டீமுக்குப் பனியன் வாங்கித் தருகிறவர் அவர்தான். கந்தன் மணல் சுமந்தவன். ஓரிக்கை எல்லம்மாளின் ஒரே பிள்ளை. புருஷன் பாம்பு கடித்துச் செத்த பிறகு நடவுக்கும் களைக்கும் போய் அவனை ஆளாக்கினாள் அவள். வீரபாகு கோல் அடிப்பான். அந்தப் பந்தை எங்கிருந்தோ ஓடிப்போய்ப் பறித்து வந்து அவன் காலடியில் வைப்பவன் கந்தன். கைதட்டல் எல்லாம் வீரபாகுவுக்குப் போகும். கந்தன் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே திரும்ப ஓடுவான்.

சீனாக்காரன் சண்டை முடிந்த மறு வருஷம். ஜில்லா ஷீல்டுப் போட்டியில் பாலாறு சங்கம் அரை இறுதி ஜெயித்த அன்று சாயந்திரம், பட்டாளத்து ஹவில்தார் ஒருவர் கடைக்கு வந்தார். கலியாணசுந்தரம் என்று பேர். ரெஜிமெண்டு டீமுக்கு ஒரு இடம் காலி இருக்கிறது, இன்றைக்கு இரண்டு கோல் போட்டானே, அந்தப் பையன் வேண்டும் என்றார்.

இறுதி ஆட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வீரபாகு போனால் ஷீல்டு போச்சு. பனியனும் போச்சு.

அவனோட அப்பா விட மாட்டார் என்று அப்பாதுரை ஹவில்தாரிடம் சொல்லிவிட்டார். அப்பாவை அவர் கேட்கவே இல்லை. சொன்ன கையோடு, கோல் போட்டவனை விட அவனுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவன்தான் உங்களுக்கு ஆகும், மூச்சே வாங்க மாட்டான் என்று கந்தனைக் காட்டினார். அதில் பொய் இல்லை. ஹவில்தார் யோசித்துவிட்டு, சரி, நாளை மத்தியானத்துக்குள் முடிவு சொல்லுங்கள், இல்லையென்றால் நானே போய் அந்தத் தறிக்காரரைக் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுந்தார்.

கந்தனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லம்மாள்தான் அசையவில்லை. மறுநாள் காலையில் அப்பாதுரை ஓரிக்கைக்குப் போனபோது, பட்டாளம் என்றால் சண்டைதானே அய்யா என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

"பந்து ஆடற வேலதாம்மா. துப்பாக்கிக்கு வேற ஆளுங்க இருக்கறாங்க" என்றார் அப்பாதுரை. அதை முக்கால்வாசி அவரே நம்பினார்.

கடைசியில் அவள், பொன்னியம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்க்கலாம், அம்மன் போகச் சொன்னால் அனுப்புகிறேன் என்றாள். அந்தப் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ எதுவானாலும் பூக்கட்டிப் பார்க்காமல் செய்ய மாட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எது எது என்று தெரியாமல் அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் கந்தன் இருக்க வேண்டும், சிவப்பு வந்தால் போக வேண்டும் என்று அவளே சொன்னாள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அது வழக்கம். அம்மனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும்.

"நீங்க கோவில் கொளம்னு இருக்கறவரு. உங்க கையாலயே கட்டுங்க அய்யா" என்றாள்.

கோவிலுக்குப் பின்னால் போய் ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் பறித்தார் அப்பாதுரை. வாழையிலையைக் கிழித்து இரண்டு துண்டாக்கினார். சிவப்பை ஒன்றில் வைத்துக் கட்டினார். வெள்ளைப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிறகு வெள்ளையைக் கீழே போட்டுவிட்டு இன்னொரு அரளியைப் பறித்தார்.

பூசாரி இரண்டையும் வாங்கி அம்மன் முன்னால் போட்டார். எல்லம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்றதை ஆற்றில் விட்டுவிடுகிறேன் என்று எடுத்து மடியில் செருகிக்கொண்டார் அப்பாதுரை.

ஷீல்டு ஜெயித்தார்கள். வீரபாகு கடைசி நிமிஷத்தில் இடது காலால் அடித்தான். கடைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஷீல்டை மாட்டினார் அப்பாதுரை. நாலு வருஷத்தில் வீரபாகு கல்யாணம் ஆகி, தொந்தி விழுந்து, ஆட்டத்தையே விட்டுவிட்டான். கந்தன் மட்டும் ரெஜிமெண்டு டீமில் ஆடிக்கொண்டே இருந்தான். வீட்டு விலாசமாகக் கடை விலாசத்தைக் கொடுத்திருந்தான். கடிதம் வந்தால் அப்பாதுரை எடுத்துப்போய் எல்லம்மாளுக்குப் படித்துக் காட்டுவார். அறுபத்தைந்து சண்டையில் அவன் பத்திரமாக இருக்கிறான் என்று கடிதம் வந்த அன்று பொன்னியம்மனுக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார். இவருக்கு எதற்கு இவ்வளவு வேண்டுதல் என்று பூசாரிக்கே ஆச்சரியம். அம்மன் மன்னித்துவிட்டாள் என்று அப்பாதுரை நினைத்துக்கொண்டார். விடுமுறையில் வரும் கந்தன் அவர் காலில் விழும்போது மட்டும் பின்னால் நகர்ந்துவிடுவார்.

எழுபத்தொன்று சண்டையின்போது, டிசம்பரில், அதே விலாசத்துக்குத் தந்தி வந்தது. தபால்காரர் படித்துச் சொன்னார். கோணல் காலோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓரிக்கைக்கு அதை எடுத்துப் போனதும் அப்பாதுரைதான். திரும்பி வந்து ஷீல்டைச் சுவரிலிருந்து கழற்றி, பழைய டயர் கிடக்கும் மூலையில் போட்டார்.

மூன்று மாதம் கழித்து, பங்குனியில், கைத்தடி ஊன்றிக்கொண்டு ஒரு இளைஞன் கடை வாசலில் வந்து நின்றான். பார்த்தால் காலேஜில் படிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது. வேலூர்ப் பக்கம், பேர் ராஜகோபால், லெப்டினண்ட், கந்தன் தன் பிளட்டூனில் இருந்தவன், அவன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றான். அப்பாதுரை குதிரை வண்டி பேசி அவனை ஓரிக்கைக்கு அழைத்துப் போனார்.

எல்லம்மாள் பாய் விரித்தாள். அவன் காலை நீட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்ததைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.

முப்பது ஆளுக்கு அவன்தான் பொறுப்பு. அவர்களில் பாதிப் பேர் அவனை விட வயதில் மூத்தவர்கள். ஒரு கால்வாய்க் கரையைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு. அவன் முன்னால் போக, எல்லோரும் பின்னால் வந்தார்கள். கரையை நெருங்கும்போது அவன் தொடையில் குண்டு பாய்ந்தது. வயர்லெஸும் அடிபட்டுப் போயிற்று. இடது பக்கத் தோப்பில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி ஒன்று ஒளிந்திருந்தது அவன் கண்ணில் பட்டுவிட்டது. அந்தப் பக்கமாக இன்னொரு பிளட்டூன் வந்துகொண்டிருந்தது. அவர்களுக்குச் சொல்லாவிட்டால் அத்தனை பேரும் போவார்கள். நடுவில் முந்நூறு கஜம், வெறும் வயல்.

"யார் போறீங்கன்னு கேட்டிருந்தா நாலு பேர் எழுந்திருப்பாங்கம்மா. நான் கேக்கல. கந்தான்னு பேரைச் சொன்னேன். நானும் அவனும் ஒரே டீம்ல ஆடினவங்க. அவன் ஓடறது எனக்குத் தெரியும்" என்றான்.

கந்தன் ஓடினான். போய்ச் சேர்ந்தான். சொல்லியும் விட்டான். அந்தப் பிளட்டூன் முழுக்கப் பிழைத்தது. திரும்பி வரும்போதுதான் குண்டு பட்டது.

லெப்டினண்ட் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "போய்ச் சொல்லுன்னேன். அங்கயே இருன்னு சொல்ல மறந்துட்டேன். அதச் சொல்லியிருந்தா இருந்திருப்பான். ஆட்டத்துல பந்தக் குடுத்துட்டு எப்பவும் தன் எடத்துக்குத் திரும்பி வந்துடுவான். அதே பழக்கத்துல வந்துட்டாம்மா. கடுதாசி எழுதினா போதும்னு மேல இருக்கறவங்க சொன்னாங்க. நான் பண்ணின தப்ப நான்தானே வந்து சொல்லணும்."

இருபத்து மூன்று வயதுப் பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தே இதைச் சொன்னான். வாசற்படி ஓரம் நின்றிருந்த அப்பாதுரைக்குத் தன் பாதத்தைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

எல்லம்மாள் எழுந்து போய்ச் சாமி மாடத்திலிருந்து ஒரு திருநீற்றுச் சம்புடத்தை எடுத்து வந்தாள். திறந்து காட்டினாள். உள்ளே, காய்ந்து கருத்துப்போன ஒரு செவ்வரளி.

"மனச ஒடச்சுக்காத தம்பி. நீ அனுப்பல. எட்டு வருசம் முன்னாலயே அம்மன் அனுப்பிட்டா. என் கையாலதான் எடுத்தேன். அவ கூப்ட்டா நீ என்னா பண்ணுவே, நான் என்னா பண்ணுவேன்" என்றாள். ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து அவன் நெற்றியில் பூசிவிட்டாள். அப்போதுதான் அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்தான்.

பஸ் ஸ்டாண்டில் அவனை வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பிய அப்பாதுரைக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சொல்லிவிட்டால் தன் நெஞ்சு ஆறும். ஆனால் பிள்ளை போன பிறகு அவளிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு பூதான். அதையும் பிடுங்கிக்கொண்டு வருவதா? சொல்லாவிட்டால், தான் செய்ததை அம்மன் தலையில் சுமத்திவிட்டு அதே அம்மனை எப்படிக் கும்பிடுவது? வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே கால் போகவில்லை. அங்கிருந்து நேரே ஓரிக்கைக்குப் போனார்.

எல்லம்மாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஷீல்டு, வீரபாகு, அவன் அப்பா வாங்கித் தந்த பனியன், கீழே போட்ட நந்தியாவட்டை, ஆற்றில் விட்ட பொட்டலம், ஒன்று விடவில்லை. முறம் நின்றது.

"ரெண்டுலயுமா?" என்றாள்.

"ரெண்டுலயும் செவப்புதாம்மா."

"வெள்ளை இருந்திருந்தா நான் அத எடுத்திருப்பேனா?"

"தெரியாதும்மா."

"அதான். தெரியாது. செவப்பே வந்திருந்தாலும் வந்திருக்கும். அத அவ கையில விட்டிருக்கணும். நீ எடுத்துக்கினே."

அத்தனை வருஷமும் அய்யா, நீங்க என்றவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நீ என்றாள். அப்பாதுரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. உள்ளே போய்ச் சம்புடத்தை எடுத்து வந்து அந்தப் பூவை அவர் உள்ளங்கையில் வைத்தாள். தூள் மாதிரி இருந்தது.

"இது உன்னுது. நீயே வெச்சுக்கோ" என்றாள். அவர் திரும்பி நாலு அடி நடந்த பிறகு மறுபடி கூப்பிட்டாள். "அந்தத் தம்பிக்கு இது தெரியக் கூடாது. அது தூங்கட்டும்."

சங்கத்தில் அப்புறமும் அப்பாதுரைதான் ஆள் பொறுக்கினார். யாரை எடுத்தாலும், யாரை விட்டாலும் அவன் வீட்டுக்கே போய், நான்தான் சொன்னேன், இன்ன காரணம் என்று சொல்லிவிட்டு வருவார். திட்டினால் வாங்கிக்கொள்வார். பூக்கட்டிப் பார்க்கிற இடத்துக்கு மட்டும் யார் கூப்பிட்டாலும் போக மாட்டார். எல்லம்மாள் வீட்டுக்கு அரிசியோ வேறு எதுவோ கொடுத்து அனுப்பினால் வாங்குவாள். எதிரே பார்த்தால் பேச மாட்டாள்.

பங்குனிக்குப் பங்குனி ராஜகோபாலிடமிருந்து கடை விலாசத்துக்குக் கடிதம் வரும். கேப்டன் ஆகிவிட்டான், கல்யாணம் ஆயிற்று, பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு சேதி இருக்கும். கடைசி வரி மட்டும் மாறாது. அம்மா சௌக்கியமா, அந்தப் பூவைப் பத்திரமாக வைத்திருக்கிறார்களா?

அப்பாதுரை அந்தப் பூவைப் போட்டுக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கும் வேறொரு சம்புடத்தை எடுத்துத் திறந்து ஒருமுறை பார்ப்பார். மூடி வைத்துவிட்டு, அஞ்சாவது வரைக்கும் படித்த கையெழுத்தில், அம்மா சௌக்கியம், பூ பத்திரமாக இருக்கிறது என்று எழுதுவார். யாரிடம் இருக்கிறது என்று எழுத மாட்டார்.